ஜன்னலுக்கு மேலே இரண்டரை அடி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் புது வீடு எழுப்புகிறவர்களுக்குச் சுவர் ஏழடி ஏறியதும் ஒரு குழப்பம் வரும். ஜன்னல் தலைக்கு மேலே எதை வைத்துக் கட்டுவது? மேஸ்திரி நாட்டுச் செங்கல் என்பார். இன்ஜினியர் சாம்பல் கல் என்பார். கடைக்காரர் ஏஏசி பிளாக்கில் ஒரு துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, எடையே இல்லை பாருங்கள், வெயிலும் தாண்டாது என்பார். கோயம்புத்தூரில் வீடு கட்டிய மைத்துனர் போனில் ஹாலோ பிளாக்கைச் சிபாரிசு செய்வார். எல்லோரும் கல்லைப் பற்றியே பேசுவார்கள். அந்த இரண்டரை அடிச் சுவரில் என்ன கல் என்பது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கட்சி. கூரைப் பளு எதன் மேல் இறங்குகிறது, அஸ்திவாரத்துக்கு அடியில் என்ன மண், கடல் எவ்வளவு தூரம் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் கல் தானாகவே முடிவாகிவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பழைய வீடுகளில் இந்தச் சிக்கலே கிடையாது. அக்ரகாரத்து ஓட்டு வீட்டில் கூரை சரிந்து இறங்கி இறவாரம் ஜன்னலின் நெற்றிக்கே வந்துவிடும். ஜன்னலும் சிறியது. நிலைக்கு மேல் ஒரு தேக்குப் பலகை, வசதி குறைந்த வீட்டில் பனஞ்சட்டம், அதற்கு மேல் நாலைந்து வரிச் செங்கல், அப்புறம் கூரை. வெயிலையும் சாரலையும் இறவாரம் பார்த்துக்கொள்ளும். பத்தடி உயரத்தில் தட்டையான கான்கிரீட் தளம் வந்த பிறகுதான் லிண்டலுக்கும் தளத்துக்கும் நடுவே காப்பில்லாத ஒரு சுவர்ப் பட்டை பிறந்தது. சன்ஷேடு பிறந்ததும் அதனால்தான். மரத்துக்கே திரும்பலாமே என்பவர்களுக்கு ஒரு வரி போதும்: வைரம் பாய்ந்த பனை இன்று சுலபத்தில் கிடைப்பதில்லை, கிடைக்கிற மற்ற மரம் கறையானுக்கு.

கல்லும் இந்த ஊருக்குச் சொந்தமில்லை. 1010-இல் குடமுழுக்குக் கண்ட பெரிய கோயிலின் கருங்கல் முழுக்க வெளியிலிருந்து வந்தது. கல் நசுக்கலைத் தாங்கும், வளைவைத் தாங்காது. சோழர் காலச் சிற்பிகள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தூணின் தலையில் போதிகையை நீட்டி, உத்திரம் தாண்ட வேண்டிய தூரத்தைக் குறைத்தார்கள். பின்னால் வந்த நாயக்கரும் மராட்டியரும் அரண்மனையைச் செங்கல்லும் சுண்ணாம்புமாகக் கட்டியபோது வழி வேறாயிற்று. வாசலுக்கும் ஜன்னலுக்கும் வளைவு போட்டார்கள். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் விட்டுப்போன வீடுகளிலும் வளைவுதான். கல்லில்லாத வண்டல் நாட்டில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் பளுவை வெறும் செங்கல்லாலேயே தாங்க வைத்த வழி அது. அதில் துருப்பிடிக்கக் கம்பி இல்லை.

அப்படியானால் ஏன் எல்லோரும் வளைவு போடுவதில்லை? கொத்தனாருக்குத் தெரியாது என்பது பாதி பதில்தான். வளைவு தன் பளுவை இரு பக்கமும் தள்ளுகிறது, அந்தத் தள்ளலை வாங்க இரண்டு தோளிலும் தடித்த சுவர் வேண்டும். அரண்மனையில் அது இருந்தது. இன்றைய ஒன்பது அங்குலச் சுவரில், மூலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நாலடி ஜன்னல் வைக்கிற வரைபடத்தில், அது இல்லை. சதுரமாக வருகிற யுபிவிசி ஜன்னலுக்கு மேல் வளைவின் வயிறு வெறுமையாக நிற்கும். அதை அடைக்க இன்னொரு பொருள், அந்த இணைப்பில் இன்னொரு விரிசல். மூன்றடிக்கு உட்பட்ட, சுவரின் நடுவில் வரும் திறப்புகளுக்கு வளைவு சரி. அதைத் தாண்டினால் ஆசைக்குத்தான் போட வேண்டும்.

லிண்டலே பல இடங்களில் வீண் என்று வாதிட்டவர் லாரி பேக்கர். பர்மிங்ஹாமில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, 2007-இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞரின் வாதம் எளிமையானது. திறப்பின் மேல் அடுக்கிய செங்கல் ஒன்றின் மேல் ஒன்று ஏறி அமர்வதால், ஒரு முக்கோணத்துக்குள் இருக்கும் சுவர்தான் கீழே விழப் பார்க்கும். மற்றது தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். அந்த முக்கோணத்துக்கு எதற்கு ஆறங்குல கான்கிரீட்? செங்கல்லைத் தொட்டிபோல் அடுக்கி, நடுவே ஒன்றிரண்டு கம்பி வைத்துக் கலவை நிரப்பினால் போதும் என்றார். கோட்பாட்டில் தவறில்லை. ஆனால் அளவெடுத்துப் பார்க்க வேண்டும். நாலடி ஜன்னலுக்கு மேல் அந்த முக்கோணத்தின் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. நம் வீட்டில் லிண்டலின் மேல்மட்டம் ஏழரை அடி, தளத்தின் அடிமட்டம் பத்தடி, மிச்சம் இரண்டரை அடி. முக்கோணம் முடிவதற்குள் தளம் வந்துவிடுகிறது. தளத்தின் பளு நேராக அதற்குள் இறங்கும்போது பேக்கரின் கணக்கு உடைகிறது. குளியலறை வெண்டிலேட்டர் போன்ற இரண்டடித் திறப்புகளில் அவர் சொன்னது அப்படியே பொருந்தும், அங்கே ஆறங்குல லிண்டல் போடுவது காசைக் கரியாக்குவது. படுக்கையறை ஜன்னலில் பொருந்தாது.

இப்போது கல்லின் எடைக்கு வருவோம். நாலடி ஜன்னல், மேலே இரண்டரை அடி, ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் என்றால் எடை சுமார் 400 கிலோ. அதையே எட்டு அங்குல ஏஏசி பிளாக்கில் கட்டினால் சுமார் 130 கிலோ. கடைக்காரர் சொன்னது உண்மைதான், 270 கிலோ குறைகிறது. ஆனால் தூணும் பீமும் இல்லாமல் சுவரே தளத்தைத் தாங்கும் வீட்டில், பத்தடி அகல அறையின் பாதித் தளம் அந்த ஜன்னல் தலைமேல் வரும். ஐந்து அங்குல கான்கிரீட், மேலே சுருக்கித் தளம், ஆள் நடமாட்டம் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1,200 கிலோ, கைப்பிடிச் சுவர் இன்னொரு 240. மொத்தத்தில் ஏஏசி மிச்சம் பிடித்தது ஏழில் ஒரு பங்கு. அதை நம்பி லிண்டல் கம்பியைக் குறைக்க முடியாது.

வெயிலைத் தடுக்கும் என்ற வாதமும் இந்த இடத்தில் மட்டும் பார்த்தால் நிற்காது. நான்கு ஜன்னல்களுக்கு மேலே இருக்கிற சுவர் மொத்தம் 40 சதுர அடி. அதற்குப் பக்கத்தில் 800 சதுர அடித் தளம் நாளெல்லாம் காய்கிறது. சித்திரை இரவில் படுக்கையறை கொதிப்பது தளத்தால். அந்தக் காசைச் சுருக்கித் தளத்துக்கோ வெள்ளை ஓட்டுக்கோ செலவழித்தால் பலன் தெரியும். மற்ற சுவரெல்லாம் செங்கல், ஜன்னல் தலையில் மட்டும் ஏஏசி என்று செய்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லையும் உண்டு. இரண்டும் ஈரத்தில் விரிவதும் காய்ந்து சுருங்குவதும் ஒன்றல்ல. சேரும் கோட்டில் பூச்சு பிளக்கும். திரைச்சீலைக் கம்பிக்கு அடிக்கிற சாதாரண ஆணி அந்த மென்மையான பிளாக்கில் நிற்காது, அதற்கென்று தனித் திருகு வாங்க வேண்டும். முழு வீடும் தூண்-பீம் அமைப்பு, முழுச் சுவரும் ஏஏசி என்றால் அது வேறு வழக்கு. அங்கே தளத்தின் பளுவைப் பீம் வாங்கிக்கொள்கிறது, எடைக் குறைவு அஸ்திவாரம் வரை மிச்சமாகிறது.

ஆக, கீழே என்ன கல்லோ மேலேயும் அதே கல். நாட்டுச் செங்கல்லா சேம்பர் செங்கல்லா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, சூளைக்குச் சூளை தரம் மாறுகிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு எடையைப் பார்க்கட்டும். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடை ஏறினால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பலாம். தேசியத் தர விதியே சாதாரணச் செங்கல்லுக்கு 20 சதவீதம் வரைதான் அனுமதிக்கிறது. சாம்பல் கல் நேர்த்தியாக இருக்கும், பூச்சுக் கலவை குறையும். நன்றாகக் காயாத கல்லைக் கட்டினால் சுவரில் ஏறிய பிறகு சுருங்கும் என்பதுதான் அதன் ஒரே வம்பு.

மண்ணுக்கு வருகிறேன். டெல்டா வீடுகளின் ஜன்னல் தலையில் தெரியும் பெரும்பாலான விரிசலுக்குக் கல் காரணமில்லை, வயல் காரணம். நஞ்சையைத் திருத்தி மனையாக்கிய இடங்களில் அடியில் இருப்பது களி. கோடையில் பக்கத்து வயலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுகிற அதே களி. வீட்டின் நடுப்பகுதிக்கு அடியில் ஈரம் தங்கிவிடும், ஓரங்கள் மட்டும் காயும். ஓரம் இறங்கும்போது சுவரின் இரு முனையும் கீழே போக, சுவரின் மேல்பகுதி இழுபடுகிறது. இழுபடும் சுவரில் வலுவிழந்த இடம் ஜன்னல் மூலை. அங்கே மயிரிழையாகத் தொடங்கும் விரிசல், தளத்தை நோக்கிச் சாய்வாக ஏற ஏற அகலும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை நடவு முடிகிற நேரத்தில் ஓரக் களி உப்பி அதே விரிசல் பாதி மூடிக்கொள்ளும். சரியாகிவிட்டது என்று வெள்ளையடிப்பார்கள். அடுத்த சித்திரையில் திரும்ப வாய் திறக்கும்.

மேலே இழுபடும் சுவருக்கு மேலேயே ஒரு கட்டு வேண்டும். ஜன்னலுக்கு ஜன்னல் துண்டு லிண்டல் போடாமல், வீட்டைச் சுற்றி ஒரே ஓட்டமாக பெல்ட் போடுவது அதற்குத்தான். தஞ்சை நிலநடுக்க ஆபத்து குறைந்த பகுதி, இங்கே பெல்ட் எதற்கு என்று மறுப்பவர்கள் உண்டு. அது நிலநடுக்கத்துக்கு மட்டும் உரிய பொருள் என்று நினைப்பதால் வரும் மறுப்பு. செலவைப் பார்ப்போம். 800 சதுர அடி வீட்டில் வெளிச்சுவரும் உள்சுவருமாக 180 அடி ஓட்டம், அதில் துண்டு லிண்டல் எப்படியும் 50 அடிக்கு வரும். மிச்ச 130 அடிக்கும் ஆறங்குலத்தில் நாலு கம்பி என்று போட்டால், கூடுதலாக 11 மூட்டை சிமெண்ட், சுமார் 100 கிலோ பத்து எம்எம் கம்பி, வளையம் தனி. ஆனால் அவ்வளவு தேவையில்லை. நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 4326 விதிகூட இரண்டு கம்பி பெல்ட்டுக்கு 75 மில்லிமீட்டர் தடிமன் போதும் என்கிறது. ஜன்னல் தலையில் மட்டும் ஆறங்குலம், வெறும் சுவரில் ஒரு வரிச் செங்கல் ஏற்றி மேலே மூன்றங்குலம் என்றால் கூடுதல் செலவு ஐந்தாறு மூட்டை, 50 கிலோ கம்பியோடு நிற்கும். கொத்தனார் இப்படிப் படி வைத்துச் சென்ட்ரிங் அடிக்க முனகுவார். முனகட்டும்.

இதற்கு ஒரு எல்லை உண்டு. தரைமட்டத்தில் பீம் இல்லாத வீட்டை லிண்டல் மட்டத்து பெல்ட் காப்பாற்றாது. பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் கீழே போடுங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் மேட்டில் கட்டுகிறவர்களுக்கு இந்தப் பத்தியே வேண்டாம். அங்கே மண் இப்படி மூச்சு விடுவதில்லை, துண்டு லிண்டல் போதும்.

ஜன்னலுக்கு மேலே காற்றுக்கு வழி விடலாமா? விடத்தான் வேண்டும். ஏழடிக்கும் பத்தடிக்கும் நடுவே சூடான காற்று தேங்கி நிற்கிறது. அந்தக் காலத்து அரசுக் குடியிருப்புகளில் அதற்கென்றே உயரத்தில் வெண்டிலேட்டர் வைத்தார்கள். நாம் ஏசிக்காக அதை அடைத்தோம், உள்ளே பரண் போட்டுப் பழைய அண்டாவை ஏற்றினோம். ஐப்பசி கார்த்திகையில் மழை வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் அறையும், அதனால் அந்த இரண்டு சுவர்களிலும் செங்கல் ஜாலி வேண்டாம். மேற்கிலும் தெற்கிலும் வைக்கலாம், கொசுவலையோடு. டெல்டாவில் வலையில்லாத ஜாலியை ஒரு வாரத்தில் வீட்டுக்காரரே அட்டை வைத்து அடைத்துவிடுவார்.

மேற்கு என்றதும் சன்ஷேடு. ஜன்னல் தலையில் நடக்கிற தவறுகளில் பெரும்பங்கு இதில்தான். முதலில் அது செய்யும் வேலையை அளப்போம். தெற்கு ஜன்னலில் மார்கழி உச்சி வெயிலுக்கு இரண்டடி சன்ஷேடு மூன்றடி வரை நிழல் தருகிறது. ஆனி மாதத்தில் வடக்கே சாயும் உச்சிச் சூரியனுக்கு வடக்கு ஜன்னல் முழுக்க நிழல். மேற்கு ஜன்னலில் வைகாசி மாலை நாலு மணிக்கு ஒன்றரை அடிகூட நிழல் விழாது, நாலடி ஜன்னலில் மிச்சமெல்லாம் வெயில். மேற்கில் இரண்டடியை இரண்டரை அடியாக நீட்டுவதில் பயனில்லை, ஜன்னலைச் சின்னதாக்குங்கள், அல்லது வெளியே ஒரு தட்டியோ வேம்போ வையுங்கள். மேற்குச் சன்ஷேடு மழைக்கு மட்டும்.

அடுத்து, அது நிற்கும் விதம். சன்ஷேடு ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள தட்டு. பளு ஏறும்போது அதன் மேல்பரப்பு இழுபடும், ஆகவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். கம்பி கட்டுகிறவர் சரியாகத்தான் கட்டியிருப்பார். கான்கிரீட் போடும் நாளில் சித்தாள் சட்டியோடு அதன் மேல் நடந்ததும் கம்பி சென்ட்ரிங் தகரத்தைத் தொட்டுவிடும். கீழே கிடக்கிற கம்பி அங்கே எதற்கும் உதவாது. ஐந்தாறு வருடம் கழித்து ஏசியின் வெளி யூனிட்டை அதன் மேல் வைத்துத் திருகும்போதோ, பெயிண்டர் ஏறி நிற்கும்போதோ சுவரோரம் நீளமாகக் கீறல் விடும். கம்பியை உயர்த்திப் பிடிக்கும் முட்டுக் கம்பிகளை முன்கூட்டியே கட்டி, கான்கிரீட் விழும்போது வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்பதைவிட மலிவான காப்பு வேறில்லை.

இன்னொன்று அவசரத்தால் வருவது. நாலடி நீளம், இரண்டடி நீட்டம், மூன்றங்குலத் தடிமன் உள்ள சன்ஷேட்டின் எடை சுமார் 140 கிலோ. அதன் நடுப்புள்ளி சுவருக்கு வெளியே ஓரடியில் இருக்கிறது. அது லிண்டலையே முறுக்கி வெளியே கவிழ்க்கப் பார்க்கும். எதிர்ப்பக்கம் பிடித்து நிறுத்துவது மேலே ஏறும் சுவரின் எடை. 400 கிலோ செங்கல் சுவரும் லிண்டலும் சேர்ந்தால் எதிர்ப்பு தேறுகிறது. 130 கிலோ ஏஏசி சுவரும் லிண்டலும் சேர்ந்தால் அந்தக் கவிழ்ப்பில் பாதியைத்தான் தடுக்கும். மீதியை லிண்டலின் இரு முனையிலும் இருக்கும் பிடிமானம் வாங்க வேண்டும். எந்தக் கல்லானாலும் மேல்சுவர் ஏறுமுன் சன்ஷேட்டின் முட்டுகளைப் பிரிப்பது தப்பு. பலகை அடுத்த வேலைக்கு வேண்டும் என்று ஏழாம் நாளே உருவுகிற வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. ஏஏசி சுவரானால் லிண்டலைத் தூணோடு கம்பியால் கட்டாமல் சன்ஷேடு போடவே கூடாது. அந்தப் பிளாக்கின் கெட்டிக்காரத்தனம் எடைக் குறைவு என்றார்களே, இங்கே அதுவே குறை.

தஞ்சை, திருவாரூர், மன்னார்குடி வரை என் தீர்ப்பு இதுதான்: களிமண்ணில் பெல்ட், கீழே உள்ள செங்கல்லே மேலேயும், சுவரோரம் நாலங்குலம் தடித்த கான்கிரீட் சன்ஷேடு, வெளிப்பக்கம் வாட்டம், அடிவிளிம்பில் நீர் சொட்ட ஒரு காடி. அந்தக் காடி இல்லாத சன்ஷேட்டில் மழைநீர் அடிப்பக்கமாகவே ஊர்ந்து ஜன்னல் தலைக்கு வந்துவிடும்.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இந்தத் தீர்ப்பு செல்லாது. கடற்காற்று நேரடியாகப் படும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 கேட்பது எம்30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் மூடலும். ஆறங்குல லிண்டலில் அதற்கு இடம் இருக்கிறது. விளிம்பில் 50 மில்லிமீட்டர் மட்டுமே தடித்த சன்ஷேட்டில் 45-ஐ எங்கே கொடுப்பது? விதிப்படி பார்த்தால் ஊரில் எல்லோரும் போடுகிற அந்தச் சன்ஷேடு கடற்கரையில் போடவே முடியாத பொருள். கலவைக்கு ஊற்றும் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. கம்பி உள்ள கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சன்ஷேட்டின் வயிறு உதிர்ந்து சிவந்த கம்பி தெரிகிற வீடுகள் கடலோரத் தெருக்களில் எவ்வளவு என்று நடந்து பார்த்தால் தெரியும். பெல்ட்டை மூன்றங்குலமாக மெலிய வைக்கும் சிக்கனமும் அங்கே கூடாது.

ஓட்டுச் சாய்ப்பு வைக்கலாம் என்றால், 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டி கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது பறக்கக் கூடியதெல்லாம் பறந்தது. போல்ட் போட்டு இறுக்காத எந்த மெல்லிய நீட்டலுக்கும் அங்கே ஆயுள் அடுத்த புயல் வரைதான். அதனால் கடலோரத்துக்கு நான் சொல்வது கருங்கல் பலகை: புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் இரண்டு அங்குலக் கல், நீட்டம் ஒன்றரை அடியோடு நிற்க வேண்டும், ஒன்பது அங்குலச் சுவருக்குள் முழுக்க நுழைந்து மேலே செங்கல் ஏற வேண்டும். ஆள் ஏறி நின்றாலும் அந்த நீட்டத்துக்கு இரண்டு அங்குலக் கருங்கல் தாராளமாகத் தாங்கும். கடப்பைக் கல் மலிவு, ஆனால் ஏடு ஏடாகப் பிரியும். உள்ளே அலமாரித் தட்டுக்கு அதை வையுங்கள். கருங்கல்லின் குறை அதன் இணைப்புகள். இரண்டு பலகை சேரும் இடத்தில் மழை இறங்கும், வருடாவருடம் ஐப்பசிக்கு முன் ஏணி வைத்து ஏறி அந்தப் பொருத்தை அடைக்க வேண்டும். கான்கிரீட் சன்ஷேடு அந்த வேலையை வைக்காது. வைக்காததாலேயே உள்ளே துரு ஓடுவது கம்பி வெளியே தெரியும்வரை யாருக்கும் தெரிவதில்லை.